வாய்க்கால் வளைவில் மஞ்சள் குறி

அந்தத் தடத்தில் ரயில் ஓடியது என்று சொல்வதைவிட நடந்தது என்று சொல்வதே பொருந்தும். முன் பெட்டியிலிருந்து இறங்கி, வாய்க்காலில் முகம் கழுவி, ஒரு பீடியும் பற்றவைத்துக்கொண்டு, நிதானமாகக் கடைசிப் பெட்டியில் ஏறிக்கொள்கிறவர்கள் இருந்தார்கள். மாசமாக இருக்கிறவளை அதில் ஏற்றிவிட்டால் பிள்ளை தன் காலாலேயே இறங்கி வரும் என்று கேலி பேசுவார்கள். பழைய வெள்ளத்தில் பாலங்கள் போயின. தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த மரக்கட்டைகள் உளுத்தன. திருகாணிகளைக் கழற்றி எடைக்குப் போட்டவர்கள் போட்டதுபோக மிஞ்சியதுதான் தடம்.

பிறகு நாடு முழுக்க ரயில் பாதைகளைப் புதுசாகப் போடுகிறோம் என்று அரசாங்கம் இறங்கியது. இந்தப் பக்கமும் மண் அணைத்தார்கள், பாலம் கட்டினார்கள், மரக்கட்டைக்குப் பதிலாகக் கான்கிரீட் கட்டைகள் வந்தன. தலைநகருக்குக் காலையில் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். யாரும் நம்பவில்லை. ஆனாலும் வேலைக்குப் போனார்கள்.

ஒரே வீட்டிலிருந்து மூன்று பேர் போனார்கள். அக்காள், தங்கை, அக்காள் புருஷன். பெரியவள் ஜல்லிக் கூட்டத்தில் இருந்தாள். பல் வைத்த இரும்பு முள்ளால் ஜல்லியை அள்ளி, கட்டைக்கு அடியில் திணித்து, கெட்டிக்கிற வேலை. அவள் புருஷன் தண்டவாளத்தை ஒட்டவைக்கிறவர். இரண்டு தண்டவாள நுனிகளுக்கு நடுவே மணல் அச்சைப் பூட்டி, மேலே ஒரு குடுவையை வைத்து, அதில் இரும்புப் பொடியைக் கொட்டித் தீ வைப்பார். பொடி கொதித்து உருகி அச்சுக்குள் இறங்கும். ஆறினால் இரண்டு தண்டவாளம் ஒன்றாகிவிடும். அதனால் அவருக்குப் பொடிக்காரர் என்று பெயர். "அண்ணே, ஒரு சிட்டிகை குடுங்க, மூக்கடைப்பா இருக்கு" என்று கூட்டத்தில் யாராவது மூக்கை நீட்டுவார்கள். அவரும் சளைக்காமல், "போட்டா மூக்கோட சேர்ந்து மண்டையும் போயிடும், பரவாயில்லையா?" என்பார்.

தங்கை சின்னவள். அம்மா அப்பா போன பிறகு, பாவாடை கட்டின வயசில் அக்காளோடு இந்த வீட்டுக்கு வந்தவள். பொடிக்காரரின் தோளில் உட்கார்ந்து வளர்ந்தவள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. இருந்திருந்தாலும் இவளுக்கு மேல் கொண்டாடியிருப்பார்களா என்பது சந்தேகம். தொழிற்படிப்பு முடித்து, தண்டவாளத்தைச் சோதிக்கிற மெஷின் வேலையில் சேர்ந்து இன்னும் வருஷம் திரும்பவில்லை. வேலை நிரந்தரமாகவும் இல்லை. தண்டவாளத்தில் மசகு தடவி, உள்ளங்கை அளவுக் கருவியை அதன்மேல் ஓட்டிப் போவாள். இரும்புக்குள் சத்தம் போய்த் திரும்பி வரும், நம் காதுக்குக் கேட்காத சத்தம். கழுத்தில் தொங்கும் பெட்டியின் திரையில் அது கோடாக எழும்பும். கோடு சரியாக இருந்தால் வெள்ளைப் புள்ளி வைப்பாள். சரியில்லை என்றால் மஞ்சள் பெயின்ட்டில் பெருக்கல் குறி.

வெள்ளோட்டத்துக்கு முந்தின நாள் காலை, வாய்க்கால் வளைவில் சின்னவள் மஞ்சள் டப்பாவைத் திறந்ததைப் பெரியவள் பார்த்தாள்.

அந்த வளைவில் இருந்த அத்தனை ஜாயிண்ட்டும் பொடிக்காரர் போட்டது. எல்லோருக்கும் தெரியும். ஜல்லி அள்ளிக்கொண்டிருந்த முட்கள் ஒவ்வொன்றாக நின்றன. சின்னவள் குனிந்து குறியைப் போட்டாள், டப்பாவை மூடினாள், யாரையும் பார்க்காமல் என்ஜினீயர் நின்ற பக்கம் நடந்தாள். எந்த ஜாயிண்ட் என்று பெரியவளுக்குக் கிட்டப் போகாமலே தெரிந்துவிட்டது.

என்ஜினீயர் கெட்டவர் இல்லை. பொறுமைசாலி என்றுதான் பெயர். ஆனால் அன்றைக்கு அவருடைய போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. நாளைக்குக் காலையில் மேலதிகாரிகளை ஏற்றிக்கொண்டு முழு வேகத்தில் வண்டி வரப்போகிறது. வளைவிலும் வேகம் குறையக் கூடாது. குறைந்தால் பாதைக்குச் சான்று கிடைக்காது, திறப்பு தள்ளிப்போகும். இன்னொரு தரம் சோதித்துப் பார் என்றார். பார்த்தாள். மெஷினை மாற்றிப் பார் என்றார். மாற்றியும் பார்த்தாள். கோடு அதே இடத்தில் அதே மாதிரி சரிந்தது.

அதற்குள் பொடிக்காரர் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் முதலில் சிரித்தார். பிறகு குனிந்து ஜாயிண்ட்டைத் தடவிப் பார்த்தார். அரம் போட்டு இழைத்த பளபளப்பு அப்படியே இருந்தது. இத்தனை வருஷத்தில் தான் போட்ட ஜாயிண்ட் ஒன்று விட்டதாக யாராவது சொல்லட்டும், இன்றைக்கே தொழிலை விட்டுவிடுகிறேன் என்றார். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. அதுதான் பெரியவளுக்குப் பயமாக இருந்தது.

சின்னவள், "மாமா, நான் உங்களச் சொல்லல. உள்ள இருக்கறத மெஷின் காட்டுது" என்றாள்.

"நீ பள்ளிக்கூடம் போனதே என் கையப் பிடிச்சுதான். இன்னிக்கு என் கை சரியில்லைன்னு மெஷின் வெச்சுச் சொல்றியா?"

கூட்டத்துக்கு முன்னால் சொல்லிவிட்டார். சின்னவளின் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் குறியை அழிக்கவில்லை.

என்ஜினீயர் நடுவில் புகுந்தார். அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் அறுத்தால் புது ஜாயிண்ட் போட்டு, அது ஆறி, மறுபடி சோதித்து முடிக்க வேண்டும், வானமும் மூட்டமாக இருக்கிறது. அறுத்த பிறகு உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆனால் வெள்ளோட்டத்தை வீணாகக் கெடுத்தவர்கள் யார் என்று மேலே கேட்பார்கள். இதைச் சொன்னபோது அவர் சின்னவளைப் பார்த்தார். பழுது இருந்தாலோ, போட்டவருடைய லைசென்ஸை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். இதைச் சொன்னபோது யாரையும் பார்க்கவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்து உறுதியாகச் சொல் என்று சின்னவளிடம் சொல்லிவிட்டு, அடிக்கிற போனை எடுத்துக்கொண்டு நகர்ந்தார்.

பெரியவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். அறுத்தால் ஒன்று புருஷன் தலை, இல்லையென்றால் தங்கை தலை. அறுக்காமல் விட்டால் யாருடைய தலை என்று தெரியாது. இருதலைக் கொள்ளி எறும்பு என்று வாயால் சொல்லும்போது அந்த எறும்பு எப்படித் தவித்திருக்கும் என்று யாரும் நினைப்பதில்லை.

தினமும் மூன்று பேரும் ஜல்லி வண்டியின் நிழலில் ஒன்றாகத்தான் சாப்பிடுவார்கள். ஒரே தூக்கில் சோறும் பருப்பும், ஒரு மூடியில் ஊறுகாய். அன்றைக்குப் பொடிக்காரர் தன் பங்கை ஒரு சின்னத் தூக்கில் வாங்கிக்கொண்டு தூரத்தில் கட்டை அடுக்கின் மேல் போய் உட்கார்ந்தார். உட்கார்ந்தாரே தவிர தூக்கைத் திறக்கவில்லை. காற்று நின்று புழுங்கியது. ஜல்லிப் புழுதி பல்லில் நறநறத்தது.

பெரியவள் பேச்சை எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் தங்கைக்கு இன்னும் கொஞ்சம் சோறு வைத்தாள். சின்னவள் வேண்டாம் என்றாள். பிறகு பெரியவள் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தாள். மாமாவின் லைசென்ஸ் போனால் அவருக்கு வேறு என்ன தெரியும், அந்த மனுஷன் எழுந்து நடமாடுவதே அந்தப் பெயரை வைத்துத்தானே, நாளைக்கு வண்டி போகட்டும், மறுநாளே அறுத்து மாற்றிவிட்டால் என்ன, ஒரே ஒரு வண்டிதானே. சொல்லச் சொல்ல, தன் குரல் தனக்கே பிடிக்காமல் போனதை அவள் கவனித்தாள்.

சின்னவள் கையிலிருந்த கவளத்தைத் திரும்பத் தூக்கிலேயே வைத்தாள்.

"சரிக்கா. நீ சொன்னா அழிச்சிடறேன். வெள்ளைப் புள்ளி வெச்சிடறேன். ஆனா ஒண்ணு மட்டும் சொல்லு. அதப் போட்ட அன்னிக்கு நீ அங்க இருந்தே. நீதான அச்சுப் பெட்டி தூக்கிட்டு வந்தே. அது நல்ல ஜாயிண்ட்டா?"

பெரியவள் ஊறுகாய் மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள்.

அந்த ஜாயிண்ட்டைப் போட்ட அன்றைக்குத் தூறிக்கொண்டிருந்தது. கோணியைத் தலையில் போட்டுக்கொண்டு, அச்சுப் பெட்டியை மார்போடு அணைத்துத்தான் கொண்டுவந்தாள். ஆனாலும் பெட்டியின் அடி ஊறியிருந்தது. அச்சை வெளியே எடுத்தபோது ஒரு ஓரம் கறுத்துக் கிடந்தது. வேறு அச்சு கைவசம் இல்லை, ஸ்டோர் தூரத்தில் இருந்தது. இருட்டுவதற்குள் தாண்டிப் போக வேண்டிய ஜல்லி வண்டி பின்னால் நின்று ஊது ஊதென்று ஊதிக்கொண்டிருந்தது. பொடிக்காரர் அந்த ஓரத்தைத் தீயில் காட்டினார். விரலால் தொட்டுப் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார். அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் அச்சைப் பூட்டிவிட்டார். நனைந்த அச்சைத் தூர எறிய வேண்டும் என்பது ஜல்லி அள்ளுகிற அவளுக்கே தெரியும். ஈரம் ஆவியாகிக் கொதிக்கிற இரும்புக்குள் புகுந்துகொள்ளும், வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே குமிழாக நின்றுவிடும். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. பேசாமல் இருந்தால் இல்லாமல் போய்விடும் என்று நினைத்தார்களோ என்னவோ.

"அக்கா, கேக்கறேன்ல" என்றாள் சின்னவள். அவள் கண் நிறைந்திருந்தது. "நல்ல ஜாயிண்ட்டுன்னு உன் வாயால சொல்லிடு, போதும். மெஷின நான் நம்பல, உன்ன நம்பறேன்."

பெரியவள் தூக்கை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். கட்டை அடுக்கு வரைக்கும் நடந்து போனது அவளுக்குப் பிறகு நினைவில் இல்லை. எதிர்வெளிச்சத்தில் அவர் முகம் சரியாகத் தெரியவில்லை என்பது மட்டும் நினைவிருந்தது. பக்கத்தில் கூட்டத்து ஆட்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்ஜினீயரும் அங்கேதான் ஒரு கட்டையில் சாய்ந்து நின்றிருந்தார். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஆனால் தனியாகக் கூப்பிட்டால் தனக்குத் தைரியம் போய்விடும் என்று அவளுக்குத் தெரியும்.

"என்னங்க, அத அறுத்துடுங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

"அன்னிக்கு அச்சு நனைஞ்சிருந்துச்சு. நான்தான் தூக்கிட்டு வந்தேன். நானும் பாத்தேன், நீங்களும் பாத்தீங்க."

சாப்பிட்டுக்கொண்டிருந்த கைகள் நின்றன. யாரோ இருமினார்கள். என்ஜினீயர் போனை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பொடிக்காரர் ஏதோ சொல்லப் போகிறார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவர் திறக்காத தூக்கைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். கருவி வண்டிக்குப் போய் அறுக்கிற மெஷினைத் தானே தூக்கிக்கொண்டு வளைவை நோக்கி நடந்தார்.

ஜாயிண்ட்டுக்கு இரண்டு பக்கமும் தள்ளி அறுத்தால் போதும், துண்டு முழுசாக வந்துவிடும் என்று என்ஜினீயர் சொல்லிப் பார்த்தார். பொடிக்காரர் மெஷினை ஜாயிண்ட்டின் நடுவில், மஞ்சள் குறியின் மேலேயே பொருத்தினார். முதலில் எல்லாரும் பார்க்கட்டும் என்றார். சக்கரம் கிறீச்சிட்டு இறங்கியது. தீப்பொறி அவர் முழங்காலில் அடித்துச் சிதறியது. சின்னவள் அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டாள். யார் ஜெயிக்க வேண்டும் என்று பெரியவள் எந்தச் சாமியிடமும் கேட்கவில்லை. எதைக் கேட்பாள்?

அறுத்து முடித்ததும் அவர் மெஷினை நிறுத்தி, கடப்பாரையால் ஒரு நுனியை நெம்பி விலக்கி, ஆற விட்டு, துணியால் வெட்டுமுகத்தைத் துடைத்தார். தலைப்பகுதி சுத்தமாக இருந்தது. கீழே, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே, அரித்த பல் போலப் பொத்தல்கள். ஒன்றில் சுண்டுவிரல் நுனி போகும். அவர் சுண்டுவிரலை அதில் வைத்துப் பார்த்தார். வெகுநேரம் விரலை வெளியே எடுக்கவில்லை.

"இருக்கு சார்" என்று எழுந்தார்.

அதற்கு மேல் பேச நேரமில்லை. வடக்கே கறுத்துக்கொண்டு வந்தது. பழைய ஜாயிண்ட்டை முழுசாக வெட்டி எடுத்து, பெரிய இடைவெளிக்கான அச்சைக் கொண்டுவரச் சொல்லி ஸ்டோருக்கு ஆட்கள் ஓடினார்கள். பொடிக்காரர் வழக்கம்போலக் கையுறையை மாட்டப் போனார். என்ஜினீயர் அவர் தோளைத் தொட்டார். ஜாயிண்ட் விட்டவர் மறுதேர்வு முடிகிற வரைக்கும் பொடி தொடக் கூடாது, அதுதான் விதி. பொடிக்காரர் தலையாட்டிவிட்டுக் கையுறையைக் கழற்றி இடக்கையன் பக்கம் நீட்டினார்.

இடக்கையன் அடுத்த கூட்டத்துப் பொடி ஆள். ஒரு அரவை மெஷின் யாருக்கு முதலில் என்ற தகராறில் இருவரும் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எதிரெதிரே வந்தால் ஒருவர் தண்டவாளத்தின் இந்தப் பக்கம், மற்றவர் அந்தப் பக்கம். அவன் கையுறையை வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். காய்ந்திருந்தது.

அச்சைப் பூட்டி, இடுக்கெல்லாம் களிமண் அப்பி, தண்டவாள நுனிகளைச் சூடேற்றத் தொடங்கியபோது முதல் துளி விழுந்தது. கூட்டம் முழுக்கத் தார்ப்பாயைப் பிடிக்க ஓடியது. நாலு மூலைக்கு நாலு கழி. காற்று வரும் பக்கத்து மூலையைப் பொடிக்காரர் பிடித்தார். பெரியவள் அவருக்கு எதிர் மூலையில். மழை சடசடவென்று பாயில் இறங்கியது, நடுவில் தேங்கித் தொங்கியது. ஒரு சொட்டு உள்ளே போனால் அத்தனையும் பாழ். பெரியவள் தலையாலேயே பாயை முட்டித் தண்ணீரை வெளியே தள்ளினாள்.

நுனிகள் சிவந்தன. இடக்கையன் தீயை நகர்த்தாமல் தயங்கினான். பிறகு தலையைத் தூக்காமலே, "அண்ணே, சூடு போதுமா?" என்று கேட்டான்.

"நீ பாரு. உன் ஜாயிண்ட்" என்றார் பொடிக்காரர்.

அவன் இன்னும் கொஞ்சம் சூடு காட்டினான். பிறகு குடுவையை அச்சுக்கு மேல் கொண்டுவந்து வைத்துப் பற்றவைத்தான். வெள்ளை வெளிச்சம் பாய்க்கு அடியில் சீறியது. பொறி தெறித்துப் பொடிக்காரரின் சட்டைக் கை புகைந்ததைப் பெரியவள் பார்த்தாள். அவர் கழியை விடவில்லை. அவள் கத்தவும் இல்லை. உருகிய இரும்பு இறங்கி, அச்சு நிரம்பி, மேலே கசடு பொங்கி நின்றபோதுதான் யாரோ ஒரு குடம் தண்ணீரை அவர் கையில் ஊற்றினார்கள்.

ஆற விட்டு, மேலே பொங்கி நின்றதைச் சீவி, இழைத்து முடிப்பதற்குள் மழை வெறித்துவிட்டது. சின்னவள் கருவியை எடுத்து வந்தாள். மசகு தடவினாள். இரண்டு தரம் ஓட்டினாள், மூன்றாம் தரம் அடிப்பாகத்தில் நிதானமாக ஓட்டினாள். என்ஜினீயர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவருக்கும் திரை புரியும், ஆனாலும் அவள் சொல்லட்டும் என்று நின்றார்.

"சரியா இருக்கு சார்" என்றாள். வெள்ளைப் புள்ளி வைத்தாள். அவ்வளவுதான். கூட்டம் கலைந்தது.

வீட்டில் அன்றைக்குப் பாத்திரம் வைக்கிற சத்தம்கூடப் பெரிதாகக் கேட்டது. சின்னவள் பையில் துணிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள், வேலைப் பெண்கள் தங்குகிற விடுதியில் இடம் இருக்கிறதாம். பொடிக்காரர் கட்டுப்போட்ட கையோடு வாசற்படியில் நின்று பார்த்தார்.

"எங்க கிளம்பற? உன் வேலைய நீ செஞ்சே. வந்து சாப்பிடு" என்றார்.

சின்னவள் பையை அப்படியே போட்டுவிட்டு அழுதாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். காலையில் எல்லார் முன்னாலும் அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றார். அவளிடம் உப்பு கேட்டார், தண்ணீர் கேட்டார். பெரியவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவள் வைத்ததைச் சாப்பிட்டார், அவள் விரித்த பாயில் படுத்தார். முகம் மட்டும் சுவர் பக்கம் இருந்தது. தங்கையை மன்னிக்க முடிந்த மனுஷனுக்கு அக்காளை மன்னிக்க முடியவில்லை என்று பெரியவளுக்குப் புரிந்தது. மெஷின் சொன்னால் மெஷின். பெண்டாட்டி நாலு பேர் முன்னால் சொன்னால் அது வேறு.

மறுநாள் வெயில் பளிச்சென்று அடித்தது. வண்டி வருகிற நேரத்துக்குக் கூட்டத்தைக் கரையில் ஒதுங்கி நிற்கச் சொன்னார்கள். பொடிக்காரரும் அங்கேதான் நின்றார். மறுதேர்வுக்கு அழைப்பு வருகிறவரைக்கும் ஜல்லிக் கூட்டத்தில் வேலை என்று காலையில் என்ஜினீயர் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவருக்கே கூச்சமாக இருந்தது. பொடிக்காரர் சரி சார் என்று மட்டும் சொன்னார். பொடி கேட்டு மூக்கை நீட்ட அன்றைக்கு ஆளில்லை.

முதலில் தண்டவாளம் சிணுங்கியது. பிறகு வளைவுக்கு அப்பால் ஒரு வெளிச்சப் புள்ளி தெரிந்தது. வருகிறது என்று சொல்லி வாய் மூடுவதற்குள் வந்துவிட்டது. நடக்கிற ரயிலைப் பார்த்தே பழகிய கண்ணுக்கு அது ரயிலாகவே தெரியவில்லை. பெரியவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். காற்று அறைந்தது, ஜல்லி அதிர்ந்தது, காலுக்கடியில் பூமி தடதடத்தது. அந்த இடத்தை அது தாண்டுகிற சத்தத்துக்காகக் காத்திருந்தாள். தனியாக ஒரு சத்தமும் கேட்கவில்லை. கண்ணைத் திறந்தபோது கடைசிப் பெட்டி வளைவில் மறைந்துகொண்டிருந்தது. தடத்துக்கு அந்தப் பக்கம் சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கூட்டம் சிரித்துப் பேசிக்கொண்டு இறங்கியது. பொடிக்காரர் இறங்கவில்லை. பெரியவளும் நின்றாள்.

"ஏன் அன்னிக்கே சொல்லல?" என்றார். வண்டி போன திசையைப் பார்த்துத்தான் கேட்டார்.

அவள் யோசித்தாள். சொல்வதற்கு நிறைய இருந்தது.

"சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அவர் கட்டுப்போட்ட கையை மறு கையால் தாங்கிக்கொண்டு நின்றார்.

"கேட்டிருக்க மாட்டேன்" என்றார்.

கீழேயிருந்து மேஸ்திரி குரல் கொடுத்தார். வண்டி போன அதிர்வில் சரிந்த ஜல்லியை ஏற்ற வேண்டும். இருவரும் இறங்கினார்கள். பொடிக்காரர் ஒரு முள்ளை எடுத்து, நல்ல கையால் அழுத்திப் பிடித்து, இடுப்பை வளைத்து ஜல்லிக்குள் குத்தினார். அது இறங்கவில்லை. மறுபடி குத்தினார். பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்காதது போல் இருந்தார்கள்.

"இடுப்ப வளைக்காதீங்க, பிடிச்சுக்கும். முட்டிய மடக்குங்க" என்றாள் பெரியவள்.

அவர் முட்டியை மடக்கினார்.